எண்ணல், எடுத்தல், ஆங்கில இலக்கணம்

செட்டியார்பட்டியில் வளரும் பிள்ளைக்கு எதை எண்ணுவது, எதை நிறுப்பது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பக்கத்து ராஜபாளையம் மில்லில் நூல் என்றால் கோன் கணக்கு. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கு மீட்டர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கால் கிலோ, அரை கிலோ என்றுதான் கேட்பார்கள்.

அதே பிள்ளை ஆங்கில வகுப்பில் ‘மில்க்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிச் சிவப்பு மைக் கோடு வாங்குகிறது.

பிராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், ஆப்ஸ்ட்ராக்ட் என்று ஐந்து வகையை ஒப்பிக்க வைப்பதோடு பெயர்ச்சொல் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் கிடைக்கும்; வாக்கியம் வராது. சொல்லுக்கு முன் ‘எ’ போடலாமா, பின்னால் ‘எஸ்’ சேர்க்கலாமா, ‘மெனி’ வருமா ‘மச்’ வருமா என்பதையெல்லாம் முடிவு செய்வது, அது எண்ணக்கூடிய பெயரா என்ற ஒரே கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு வழி தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. அளவையாகுபெயரை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பிரித்துப் படிக்கிறார்கள் அல்லவா? எண்ணலுக்குள் வருபவை ‘எஸ்’ ஏற்கும். நிறுத்தும் முகந்தும் நீட்டியும் அளப்பவை பெரும்பாலும் ஏற்காது. கிலோவும் லிட்டரும் மீட்டரும்தான் பன்மையாகும். ‘டென் கோன்ஸ் ஆஃப் யார்ன்’ என்பது மில்லில் சொல்லும் ‘பத்து கோன் நூல்’தான்.

‘டென் கௌ’ என்று எழுதும் பிழைக்கும் தமிழில்தான் வேர். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் நமக்குச் சரி. பவணந்தியாரின் நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷீப்’, ‘டீர்’ போன்ற சிலவே இப்படி ஒருமையிலும் பன்மையிலும் மாறாமல் நிற்கும். ‘கௌ’ மாறியே ஆக வேண்டும். இப்படிச் சொன்னால் பிள்ளைக்குத் தன் பிழையின் காரணமே விளங்கும்.

எல்லாம் இந்தக் கணக்கில் அடங்காது. நாற்காலியை எண்ணலாம், ‘ஃபர்னிச்சர்’ என்ற சொல்லை எண்ண முடியாது. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ போன்றவையும் அப்படித்தான். இவற்றைத் தனியாக மனத்தில் பதிக்கத்தான் வேண்டும். மனப்பாடத்தை அந்தச் சில சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாமே.

பெயர்ச்சொல் பாடத்துக்கு முன் ஆங்கில ஆசிரியர்கள் தம் பள்ளித் தமிழாசிரியரோடு ஒரு பாடவேளை உட்கார்ந்து பேச வேண்டும். இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.