இயற்கை விவசாயம் கொல்லையிலிருந்து தொடங்கட்டும்

நெல்லும் கரும்பும் பருத்தியும் விளைவிக்கும் சிறு விவசாயி, வாரச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது இன்று எல்லா ஊர்களிலும் காணும் காட்சியாகிவிட்டது. ஊருக்குச் சோறு போடுகிறவர் வீட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் கடையிலிருந்து வரவேண்டியிருக்கிறது. கொல்லையில் முருங்கையும் அவரைப் பந்தலும் கீரைப் பாத்தியும் இல்லாத விவசாயி வீடு ஒரு காலத்தில் அபூர்வம். இன்று அதே கொல்லையில் சீமைக் கருவேல் முளைத்துக் கிடக்கிறது. இல்லையென்றால் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது.

இது பழம்பெருமை பேசும் விஷயமல்ல, வயிற்றுக் கணக்கு. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது நாளைக்கு 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ. இவ்வளவையும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சிறு விவசாயக் குடும்பங்கள் எத்தனை? விலை ஏறும்போதெல்லாம் காய் குறைகிறது, வெறும் குழம்பு மிஞ்சுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தச் சோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. கீரையும் காயும் குறைந்த சாப்பாடு அவற்றுள் ஒன்று.

விற்க ஒன்று, உண்ண ஒன்று

காய்கறி சாகுபடி செய்யும் விவசாயிகள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தடித்த வயலிலிருந்து வீட்டுக்குக் காய் பறிக்கமாட்டார்கள். வரப்போரமாக நாலைந்து செடிகளை மருந்தில்லாமல் விட்டுவைத்து, அதிலிருந்துதான் சமையலுக்கு எடுப்பார்கள். மருந்து என்று நாம் சொல்வது விஷம்தான் என்பதை விவசாயிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. எண்டோசல்பானை 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அந்தத் தடைகள் வரும்வரை இவற்றைக் கையால் கலக்கி, மூக்கால் முகர்ந்து, முதுகில் சுமந்து அடித்தவர் விவசாயிதான்.

ஆகவே விவசாயியைப் பார்த்து, "ஏன் விஷம் அடிக்கிறாய்?" என்று கேட்பதில் பயனில்லை. ஒரு போக விளைச்சல் போனால் கடனை யார் அடைப்பது என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 2021-ஆம் ஆண்டு இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. இதிலிருந்து இயற்கை விவசாயமே தவறு என்று முடிவு கட்டுவது சரியல்ல. தயாரிப்பு இல்லாமல் ஒரே நாளில் மாறுவது தவறு என்பதே அதன் பாடம்.

எருக் கணக்கு

எருக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 10 டன் மக்கிய தொழு உரம் தேவை. செண்டுக்கு 100 கிலோ என்று ஆகிறது. ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு 3,650 கிலோ. மக்கும்போது பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது சுமார் 1,800 கிலோ. ஒரே ஒரு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி இதைக் கொண்டு ஓர் ஏக்கரை இயற்கை முறைக்கு மாற்ற நினைத்தால், தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஆனால் ஐந்து செண்டுக்கு ஒரு பயிருக்கு 500 கிலோ போதும். ஆண்டில் மூன்று பயிர் செய்தாலும் 1,500 கிலோதான். ஒரு மாட்டுச் சாணமே போதும், மீதமும் இருக்கும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு ஐந்து செண்டு, அதாவது சுமார் 200 சதுர மீட்டர் நிலம் வேண்டும் என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எருவும் நிலமும் தேவையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும் இடம் கொல்லைதான். அதனால்தான் சொல்கிறோம்: ஏக்கரைப் பணயம் வைக்க வேண்டாம், முதலில் ஐந்து செண்டில் செய்து பாருங்கள்.

அமைக்கும் முறை

முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, அகத்தி போன்ற மரவகைகளை வடக்கு ஓரமாக நட வேண்டும். அப்போது அவற்றின் நிழல் பாத்திகளின் மேல் அதிகம் விழாது. சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் வாழையும் சேம்பும் நன்கு வரும். சோப்புத் தண்ணீரை இவற்றுக்கு மட்டும் விட்டு, அரிசி கழுவிய நீரைக் கீரைக்கு விடலாம். ஒரு மூலையில் இரண்டு எருக்குழிகள் வேண்டும். ஒன்று நிறையும்போது மற்றது மக்கி எடுக்கத் தயாராகும். பச்சைச் சாணத்தை அப்படியே பாத்தியில் போட்டால் வேர்ப்புழுவும் கரையானும் சேரும். நன்றாக மக்கிய எருவையே இடவேண்டும்.

மீதி இடத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைக்க வேண்டும். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்றுவிட்டு நடவேண்டும். புடல், பீர்க்கு, பாகலை ஆடியிலும் தையிலும் ஊன்றலாம். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய் தரும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்று எடுத்த பாத்தியில் மற்றொன்றை நடாமல், கொத்தவரையோ தட்டைப்பயறோ போட்டு மாற்றுவது நோயைக் குறைக்கும்.

விதையைக் கடையில் வாங்கும் பழக்கத்திலிருந்து விடுபடவும் கொல்லையே பள்ளிக்கூடம். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. நாட்டு ரகங்களில் நோயற்ற செடியைத் தேர்ந்து, இரண்டு காய்களை முற்ற விட்டு, விதையெடுத்துச் சாம்பல் கலந்து காயவைத்தால் அடுத்த பட்டத்துக்கு ஆயிற்று. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் கையால் விதையெடுத்துக் காத்ததனால்தான் அந்த ரகம் நமக்கு மிஞ்சியது.

பூச்சி வந்தால்

வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். வெயிலில் இதன் வீரியம் போய்விடும். கத்தரியில் வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளிப் புதைத்துவிட்டால் காய்ப்புழுவின் தொல்லை குறையும். வெண்டையில் நரம்பு மஞ்சளான செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று பழகுவது முக்கியம். அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழுவை, கெடுதல் செய்யும் புழு என்று எண்ணி நசுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. 2008-ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிய அந்தப் பூச்சிக்கு, மாற்றி மாற்றி மருந்து அடித்தும் தீர்வு கிடைக்கவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. மருந்தை நிறுத்திய இடத்தில்தான் அந்தக் குளவிகள் பெருக முடிந்தது.

கொல்லையில் கற்றதெல்லாம் வயலுக்குப் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து செண்டில் புழுவைக் கையால் பொறுக்கலாம்; இரண்டு ஏக்கரில் பொறுக்க ஆள் கிடைக்காது. ஆனால் எரு மக்கவைக்கும் பக்குவம், விதை எடுக்கும் முறை, வேப்பங்கொட்டைக் கரைசல், பூச்சியைக் கண்டதும் பதறாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கும் மனம் ஆகியவை வயலுக்கும் உதவும். இரண்டு மூன்று ஆண்டு பழகியபின் கால் ஏக்கர், பிறகு அரை ஏக்கர் என்று விரிவாக்கினால் கடன்காரன் வாசலில் வந்து நிற்கமாட்டான்.

யார் செய்வது?

வீட்டுத் தோட்டம் பெண்கள் வேலை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் மாற வேண்டும். மாடு, சமையல், நடவு, களை என்று விடியலிலிருந்து ஓடும் பெண்ணின் தலையில் இதையும் ஏற்றினால் தோட்டம் மூன்று மாதத்தில் காய்ந்துபோகும். மண் வெட்டுவதும் எருச் சுமப்பதும், ஆடு கோழி நுழையாமல் வேலி கட்டுவதும் ஆண்கள் பொறுப்பாக இருக்கட்டும். பறிப்பதையும் விதை காப்பதையும் இருவரும் சேர்ந்து செய்யலாம். மிஞ்சிய காயை விற்கும் காசு வீட்டுப் பெண்ணின் கையிலேயே இருப்பதுதான் நியாயம்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கோடையில் ஒரு செண்டுக்கு நாளைக்குச் சுமார் 200 லிட்டர், அதாவது பதினைந்து குடம் வேண்டும். ஐந்து செண்டுக்கும் ஊற்ற முடியாதுதான். சித்திரை, வைகாசியில் ஒரு செண்டில் கீரையும் வெண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தைச் சருகு மூடி ஆறப்போட்டால் போதும். ஐந்து செண்டு இல்லாதவர்கள் ஒரு செண்டில் தொடங்கலாம். அதுவும் இல்லாதவர்கள் பழைய சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பி, மிளகாயும் கத்தரியும் வைக்கலாம்.

கடையில் விற்கும் இயற்கை உரப் புட்டிகளும் பைகளும் வாங்கினால்தான் இயற்கைத் தோட்டம் என்று எண்ண வேண்டாம். சாணமும் சாம்பலும் சருகும் வேப்பங்கொட்டையும் காசு கேட்பதில்லை. ஆனி, ஆடியில் வேப்ப மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் பழங்களைப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது வயலுக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல. இந்த ஆடிக்குள் கொல்லையைக் கொத்தி, எருவிட்டு, வேலி கட்டி வையுங்கள். தைக்குள் உங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் அவரைக்காய் வேகும்.