கதை படித்தால் மார்க் குறையுமா?

கதைப் புத்தகம் படித்ததற்காக வீட்டில் திட்டு வாங்குகிறீர்களா? நான் உங்கள் கட்சி. என் சாட்சி, ஆர்தர் சி. கிளார்க்.

1917-இல் இங்கிலாந்தின் ஒரு கடலோர ஊரில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்க அறிவியல் கதை இதழ்களைத் தேடித் தேடிப் படித்தார். பள்ளி இதழில் எழுதினார். பிறகு லண்டனில் தணிக்கை அலுவலக வேலை. வேலை முடிந்தால், தன்னைப் போன்ற கதைப் பைத்தியங்களோடு அரட்டை! நிலாவுக்குப் போவது பற்றிப் பேசவே ஒரு கழகம் இருந்தது, அதிலும் சேர்ந்தார். ஊர் சிரித்தது.

1945-இல் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒரு சுற்று வரும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்றார். உங்கள் மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதே, இதனால்தான். (இதற்குக் கணக்கும் தெரிய வேண்டும். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டே கதை படியுங்கள்!)

1956-இல் நம் எதிர்க்கரையான இலங்கைக்கு வந்தவர், 2008-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். எதற்கு வந்தார் தெரியுமா? கடலில் மூழ்கிப் பார்க்க! நம் தூத்துக்குடி முத்துக்குளிப்போர் மூச்சடக்கி இறங்கினார்கள். இவர் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். விண்வெளியில் எடையின்றி மிதப்பதற்குக் கடல்தானே பக்கத்து வீடு!

நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலும் ராக்கெட்டும் உங்கள் வாசலிலேயே! நாலு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குங்களேன். அப்பா திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.