தலையில் மோதினால் சிவப்பு அட்டை!
ரக்பி ஆட்டத்தில் ஏன் இந்தக் கண்டிப்பு?

2023-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி. பாரிஸ் நகரை அடுத்த மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென் ஆப்பிரிக்கா 12 புள்ளி. நியூசிலாந்து 11 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் தென் ஆப்பிரிக்கா வென்றது!

ஆனால் ஜனங்கள் பேசியது கோப்பையைப் பற்றி மட்டும் அல்ல. நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேன் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றது அதுவே முதல் தடவை.

அவர் செய்த தவறு என்ன? அதற்கு முன் ஆட்டத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முட்டை வடிவப் பந்து

ஓர் அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். 40 நிமிடம் வீதம் இரண்டு பகுதிகள்.

பந்தைக் கையில் எடுத்துக் கொண்டு ஓடலாம். காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளி. இதற்கு 'டிரை' என்று பெயர். பிறகு பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே உதைத்தால் இன்னும் 2 புள்ளி. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளி.

பாரிஸ் கணக்கைப் பாருங்கள். நியூசிலாந்துக்கு ஒரு டிரை, இரண்டு தண்டனை உதை. ஆக 11. தென் ஆப்பிரிக்கா டிரை ஒன்றுகூடப் போடவில்லை! ஹான்ட்ரே போலார்ட் உதைத்த நான்கு தண்டனை உதைகளே 12 புள்ளியைத் தந்தன.

பிடிக்கவும் எல்லை உண்டு

பந்துடன் ஓடுபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்தலாம். சடுகுடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது.

சாம் கேனின் தோள், எதிரணி வீரர் ஜெஸ்ஸி கிரியலின் தலையில் மோதியது. முதலில் மஞ்சள் அட்டை. அதாவது 10 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகு அது சிவப்பாயிற்று. அன்றைய விதிப்படி அவருக்குப் பதில் ஆள் இல்லை. மீதி ஆட்டத்தை நியூசிலாந்து 14 பேருடன் ஆடியது.

பிற்பகுதியில் தென் ஆப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியும் தலை மோதலுக்காக மஞ்சள் அட்டை பெற்றார். அது சிவப்பாக மாறவில்லை. "இருவருக்கும் ஒரே நீதியா?" என்று ரசிகர்கள் வாதாடினார்கள்.

மறைந்த நினைவு

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தலையில் அடி விழும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. அடிகள் சேரச் சேர ஆபத்தும் கூடும்.

2003-ல் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடியவர் ஸ்டீவ் தாம்ப்சன். நாற்பது வயதைத் தாண்டியதுமே அவருக்கு மறதி நோய் கண்டது. கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்று 2020-ல் அவர் சொன்னபோது உலகமே திடுக்கிட்டது. அவரும் வேறு பல முன்னாள் வீரர்களும் ஆட்ட நிர்வாகங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

பிரான்சு 2019-ல், சம்பளம் பெறாதவர்கள் ஆடும் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பிடிக்கத் தடை போட்டது. இங்கிலாந்து 2023-ல், ஊர்க் கழகங்களின் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பாகத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்றது. குனிந்து பிடிப்பவரின் தலை எதிரியின் முழங்காலில் இடிக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. அதனால் பிடிக்கும் முறையைப் பிள்ளைப் பருவத்திலேயே சரியாகக் கற்றுத் தருவது அவசியம்.

சிவப்பு அட்டையால் ஆட்டத்தின் சுவை கெடுகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். தோற்ற கோப்பையை நான்கு ஆண்டு கழித்து வெல்லலாம். போன நினைவை எந்தக் கோப்பை திருப்பித் தரும்?