குரல் மாறும், உயிரும் போகும்!
பலூன் கியாசை உறிஞ்சும் விபரீத விளையாட்டு

புதுமடம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு தம் கட்டுவதை யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. தண்ணீரில் முங்கி, "யாரு ரொம்ப நேரம் இருக்கா, பார்ப்போமா?" என்று பந்தயம் கட்டி வளருகிறவர்கள். நெஞ்சு முட்டினால் உடனே மேலே வந்துவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்கும் அதுதான் முதல் பாடம்.

ஆனால் பிறந்தநாள் வீட்டில் மிதக்கும் கியாஸ் பலூனிடம் இந்தப் பாடம் செல்லாது!

கேக் வெட்டியதும் வேடிக்கை ஆரம்பமாகிறது. பலூன் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருக்கும் ஹீலியம் கியாசை ஒரு இழுப்பு. குரல் கீச்சென்று மாறுகிறது. "டேய், வாத்து பேசுது பாருடா!" என்று கூட்டம் சிரிக்கிறது. "மாமா, எனக்கும் ஒண்ணு" என்று சின்னப்பிள்ளை கை நீட்டுகிறது. பெரியவர்களோ தடுப்பதை விட்டுவிட்டு, செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும். ஹீலியத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். குரல் மாறுவதன் ரகசியம் இவ்வளவுதான். இந்தச் சிரிப்புக்கு நுரையீரல் கொடுக்கும் விலைதான் பெரியது.

நெஞ்சு முட்டாது

நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். சுத்தமான ஹீலியத்தில் அது துளியும் கிடையாது. ஹீலியம் விஷம் அல்ல. ஆனால் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும்.

மூச்சை அடக்கும்போது நெஞ்சை முட்டுவது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல. உள்ளே சேரும் கார்பன்-டை-ஆக்சைடால்தான். ஹீலியத்தை உறிஞ்சுகிறவன் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் அது சேருவது இல்லை. ஆகவே முட்டலும் இல்லை, திணறலும் இல்லை. அடுத்தடுத்து சில இழுப்பு, சில விநாடிகளில் மயக்கம். கடல் எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஆளை வாங்கும். பலூன் அதுகூட கொடுக்காது.

சிலிண்டரில் வாய் வைத்தால்...

இன்னும் கொடுமை, சிலிண்டர் குழாயில் நேராக வாய் வைப்பது. கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டு அழுத்தம். நிரப்பிய பெரிய கியாஸ் சிலிண்டரில் 2 ஆயிரம் பவுண்டு வரை இருக்கும். அது நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கியாஸ் குமிழியைப் புகுத்திவிடும். குமிழி மூளைக்குப் போனால் பக்கவாதம் அல்லது மரணம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2012-ல் ஒரு விருந்தில் சிலிண்டர் ஹீலியத்தை உறிஞ்சிய 14 வயது சிறுமி பலியானாள். ஜப்பானில் 2015 ஜனவரியில் டி.வி. நிகழ்ச்சிக்காக டப்பா ஹீலியத்தை உறிஞ்சிய 12 வயது பாடகி மயங்கி விழுந்தார். அவருடைய மூளை ரத்தக்குழாயில் குமிழி புகுந்திருந்தது.

"ஆழ்கடல் முக்குளிப்பவர்களே ஹீலியம் சுவாசிக்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். அது ஆக்சிஜனை அளந்து கலந்தது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்துவது. பிறந்தநாள் பலூன் அது அல்ல.

யார் தடுப்பது?

திருச்சி கடைவீதியில் 2022 அக்டோபர் 2-ந்தேதி பலூன் கியாஸ் சிலிண்டர் வெடித்து ஒருவர் பலியானார். பலர் காயம் அடைந்தனர். வெடித்தால் ஊரே ஓடி வருகிறது. உறிஞ்சினால் சத்தமே இல்லை. அதனால் யாருக்கும் பயமும் இல்லை.

பலூன் வியாபாரிகள் சிலிண்டரை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். "ஒரு இழுப்பு" கேட்டு வருபவரை விரட்ட வேண்டும். பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் ஒரு ஐந்து நிமிடம் இதைச் சொல்லலாம். வீட்டில் விழா முடிந்ததும் பெற்றோரே பலூன்களை உடைத்துவிடலாம்.

யாராவது மயங்கினால் முகத்தில் தண்ணீர் தெளித்து காத்திருக்கக் கூடாது. நல்ல காற்று படும் இடத்தில் கிடத்தி, 108-க்கு போன் செய்ய வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி, செயற்கை சுவாசம் கொடுக்க வேண்டும். சிலிண்டரில் உறிஞ்சியவருக்கு நெஞ்சு வலியோ, பேச்சுக் குழறலோ, கை-கால் மரத்துப்போவதோ தெரிந்தால், "சரியாப் போயிடும்" என்று படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோக வேண்டும்.

பலூன் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். வாயில் வேண்டாம்!