பரியாரியார் வீட்டு முற்றத்தில் ஒரு பரிசோதனை



இம்மாத இதழை வன்னியின் நாட்டு வைத்தியத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். விஷகடிக்கும் முறிவு நெரிவுக்கும் செங்கமாரிக்கும் எங்கள் சனம் இன்றும் யாரைத் தேடிப் போகிறது என்பதை உள்ளே வாசிப்பீர்கள். அந்த வைத்தியர்களிடம் நாம் இதுவரை கேட்காத ஓர் உதவியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத விரும்புகிறேன். எச்.ஐ.வி பரிசோதனையை ஊருக்குள் கொண்டுவர அவர்களால் முடியும் என்று நான் நம்புகிறேன்.

கிளிநொச்சியின் உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்காலில் இருந்தாலென்ன, பத்தாம் வாய்க்காலில் இருந்தாலென்ன, வரம்பில் சறுக்கி விழுந்து கால் பிசகினால் எண்ணெய் போட்டுக் கட்டுகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அதே பரியாரியாரிடம் ஆண்கள் வேறு காரியத்துக்காகவும் போகிறார்கள். மறைவிடத்தில் புண், சலக்கடுப்பு, உடம்புத் தளர்வு என்று மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்கிறார்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனால், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயம். பரியாரியார் வீட்டில் அந்தப் பயம் இல்லை. வழியில் கண்டவர் “என்ன, இந்தப் பக்கம்?” என்று கேட்டால் “கை நோகுது” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

தாய்மாருக்கு இந்த நாடு பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறது. கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வரும்போதே எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் குருதி பரிசோதிக்கப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அந்தப் பெருமையில் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆண்களைத் தேடி அப்படி யாரும் படலையைத் திறந்து வருவதில்லை. காய்ச்சலும் மெலிவும் வந்து கட்டிலில் விழுந்த பிறகுதான் சிலருக்குச் செய்தி தெரிகிறது. நாட்டில் தொற்றுள்ளவர்களின் வீதம் மிகக் குறைவுதான். இருந்தும் 2024இல் மட்டும் புதிதாக 800 பேருக்கு மேல் கண்டறியப்பட்டார்கள்.

உகண்டாவின் தென்மேற்கில் உள்ள ம்பராரா மாவட்டத்தில் 2019க்கும் 2020க்கும் இடையில் நடந்த ஓர் ஆய்வு என் மனதைவிட்டு அகலவில்லை. அங்கே 17 நாட்டு வைத்தியர்களை ஆய்வாளர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் தம்மிடம் வருபவர்களுக்கு எச்.ஐ.வி பற்றி எடுத்துச் சொல்லி, கிளினிக்குக்குப் போய்ச் சோதிக்கும்படி அனுப்பினார்கள். மற்றக் குழுவினர் பயிற்சி பெற்று, வைத்தியம் பார்க்கும் இடத்திலேயே பரிசோதனையையும் செய்தார்கள். முரசில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தடவி எடுத்தால் போதும், ஊசி தேவையில்லை. ஒவ்வொரு குழுவிலும் 250 பேர். கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் சோதித்துக்கொண்டவர்கள் 57 பேர். வைத்தியரின் இடத்தில் கேட்கப்பட்டவர்களோ 250 பேரும் சோதித்துக்கொண்டார்கள். அவர்களில் 10 பேருக்குத் தொற்று இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. 7 பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள். மற்றக் குழுவில் புதிதாக ஒருவரும் கண்டறியப்படவில்லை.

உகண்டாவின் நோய்ச்சுமை வேறு, நம்முடையது வேறு. இங்கே 250 பேரைச் சோதித்தால் ஒருவருக்கும் தொற்று இல்லாமல் போகலாம், அப்படியே ஆகட்டும். ஆனால் அந்த 57 என்ற எண் நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். சொன்னவர் நம்பிக்கைக்குரியவர், கேட்டவரும் தலையாட்டியிருப்பார். பிறகு அவர் தனியாக வீட்டுக்குப் போகிறார். பஸ் காசு, ஒருநாள் கூலி, தெரிந்த முகங்கள் என்று யோசிக்க யோசிக்க “அடுத்த கிழமை பார்ப்பம்” ஆகிவிடுகிறது. புத்திமதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தத் தூரத்தை அவர் தனியாகவே கடக்க வேண்டியிருக்கிறது. பரியாரியாருக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதன் ஆபத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. காம்பியாவின் சனாதிபதியாக இருந்த யாகியா ஜமே, தன் மூலிகை மருந்து எயிட்ஸைக் குணமாக்கும் என்று 2007இல் அறிவித்தார். அவருடைய சிகிச்சையில் சேர்க்கப்பட்டவர்கள் தங்கள் எச்.ஐ.வி மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது. உயிர் தப்பிய மூவர் 2018இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். எச்.ஐ.வியைக் குணமாக்கும் மூலிகை எதுவும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பரியாரியார் இந்த வேலைக்குள் வருவதானால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. அவருடைய கடமை நோயைக் கண்டறிய உதவுவதும், ஆளைக் கைவிடாமல் வைத்தியசாலையில் சேர்ப்பதும். மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. அதை ஒழுங்காக எடுத்து, குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், துணைக்கு உடலுறவு வழியாகத் தொற்றாது. இந்தச் சேதியைப் பரியாரியார் வாயால் கேட்டால் எத்தனை பேருக்கு நெஞ்சு லேசாகும்!

வைத்தியர்களின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. தென்னாபிரிக்காவில் பிளேடால் கீறி மருந்து தேய்க்கும் நாட்டு வைத்தியர்களின் கையில் நோயாளியின் குருதி படுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். விஷகடிக்குக் கீறுகிறவர்களும் கட்டி உடைக்கிறவர்களும் எங்கள் ஊர்களிலும் உண்டு. ஆளுக்கு ஒரு புதுப் பிளேடும் ஒரு சோடி கையுறையும் அவர்களுக்கு இன்றே கிடைக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனை ஏற்பாட்டைப் புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பரம்பரை வைத்தியர்களும் பதிவுசெய்யப்படுகிறார்கள், ஆகவே யாரை அழைப்பது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. தானே செய்துகொள்ளும் எச்.ஐ.வி பரிசோதனையைத் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் ஏற்கெனவே அறிமுகப்படுத்திவிட்டது. இந்த முதற்சோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினால் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்ய வேண்டும். அண்மையில் தொற்றியிருந்தால் முடிவு தெரிய 3 மாதம் வரை ஆகலாம் என்பதால், இல்லை என்று காட்டினாலும் சிலர் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். இவற்றைப் பக்குவமாக விளக்கப் பயிற்சி வேண்டும். முடிவைத் தன் வீட்டாரிடம்கூடச் சொல்லாத வாயும் வேண்டும். ஒரு பெயர் ஒருமுறை வெளியே போனாலும் அந்த முற்றத்துக்குப் பிறகு எவரும் வரமாட்டார்கள்.

மாவட்டச் சுகாதாரப் பணிமனையும் சுதேச மருத்துவத் திணைக்களமும் ஒரு மேசையில் இருந்து பேசினால், கிளிநொச்சியில் பத்துப் பரியாரியார்களோடு இதைத் தொடங்கிப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தின் பிரதியை இரு இடங்களுக்கும் அனுப்புகிறேன். பரம்பரை வைத்தியம் பார்க்கும் ஐயாமாரே, அம்மாமாரே, இப்படி ஒரு பொறுப்பை உங்களிடம் தந்தால் ஏற்பீர்களா, எது இடைஞ்சலாக இருக்கும் என்று எங்களுக்கு எழுதுங்கள். எழுதுவது சிரமமானால் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். கிடைப்பவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்