கழிவும் தீர்ப்பும்

சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டுசெல்லும் தோட்டக்காரருக்குக் 'கழிவு' என்றால் என்னவென்று எவரும் விளக்கவேண்டியதில்லை. நூறு கிலோ கத்தரிக்காயை நிறுத்துக் கொடுத்தால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்கே வியாபாரி பணம் எண்ணுவான். அதற்கெதிராக உத்தரவுகள் பலமுறை பிறந்தன, கழிவோ சாகவில்லை. இப்பொழுது அதற்கு ஓர் இளைய சகோதரன் தோன்றியிருக்கிறான். அவன் தராசு தூக்குவதில்லை. கணினித் திரைக்குப் பின்னால் நின்று கழிக்கிறான்.

நம் மாணவி ஒருத்தியின் தாயார் பனையோலையில் கூடையும் பெட்டியும் இழைத்துச் சீவிப்பவர். கடல்கடந்து வாழும் உறவினர் ஒருவரின் துணையுடன் வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில் தம் கைப்பணியை விற்கத் தொடங்கினார். பன்னிரண்டு கூடைகளை வாங்கிய ஒருவர், ஐந்து மாதங்கள் சென்றபின், 'படத்திலே கண்ட நிறம் இல்லை' என்று முறையிட்டார். சாயமிட்ட ஓலை நாளடைவில் மங்கும் என்பதை நம்மூர்ச் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் பணம் அன்றே முடக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் ஆங்கிலத்தில் விளக்கம் தரும்படி கட்டளை வந்தது. நாமே அமர்ந்து கடிதம் எழுதினோம். தபாற் கந்தோர்ப் பற்றுச்சீட்டையும் படங்களையும் இணைத்தனுப்பினோம். இரண்டே வரிகளில் தீர்ப்பு வந்தது: பணம் வாங்கியவருக்கே. காரணம் கூறப்படவில்லை. கூடைகளும் திரும்பவில்லை.

"சேர், இதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார் அந்தத் தாய். நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

இதனை ஏதோ ஒரு குமாஸ்தாவின் பிழை என்று தள்ளிவிட முடியாது. இத்துறையின் விதிகளே சிறியவருக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன. உலகறிந்த இன்னொரு நிறுவனமான பேபாலின் விதிகளை எடுத்துப் பாருங்கள். வாங்கியவர் பணம் செலுத்தி 180 நாட்கள் வரை முறையிடலாம். முறைப்பாடு எழுந்ததும் அத்தொகை விற்றவரின் கணக்கில் முடக்கப்படும். 'விற்பவர் பாதுகாப்பு' என்றோர் ஏற்பாடும் உண்டு. பொருள் வந்துசேரவில்லை, அனுமதியின்றிப் பணம் செலுத்தப்பட்டது என்னும் இருவகை முறைப்பாடுகளுக்கே அது குடைபிடிக்கும்; 'விவரித்தபடி பொருள் இல்லை' என்ற முறைப்பாட்டுக்கு அக்குடை விரியாது. கைத்தொழிலாளர்மீது மிக எளிதிற் சுமத்தக்கூடிய குற்றம் இதுவேயல்லவா? இயந்திரம் வார்த்த ஆயிரம் பொருளும் ஒன்றுபோல் இருக்கும். கை இழைத்த இரண்டு கூடைகள் ஒருபோதும் ஒன்றுபோல் இரா. அமெரிக்காவில் 2019 முதல், விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் நிறுவனம் தான் பெற்ற கட்டணத்தைத் திருப்புவதில்லை. யார் தோற்றாலும் நடுவருக்குக் கூலி தப்பாது!

அப்படியானால் வாங்குபவர் ஏமாறட்டும் என்கிறோமா? இல்லை. கடனட்டைப் பட்டியலிலுள்ள பிழையை எதிர்த்து வழக்குரைக்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அமெரிக்க நுகர்வோருக்கு வழங்கியது. அது கம்பனிகளுக்கு எதிராகச் சாதாரண மக்கள் பெற்ற கேடயம். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கம்பனிகள் அக்கேடயத்தின் பாரத்தைத் தம் தோளிலிருந்து இறக்கி விற்பவரின் தோளில் ஏற்றிவிட்டன. பெருங்கடைக்கு ஒரு முறைப்பாடு கணக்கேட்டின் ஒரு வரி. அதை எதிர்த்து வாதிட அதற்குச் சட்டத்தரணிகளும் உண்டு. கூடை இழைப்பவருக்கோ அது ஒரு மாதத்துச் சோறு. வாங்கும் உழைப்பாளியையும் விற்கும் உழைப்பாளியையும் மோதவிட்டு, இருவரிடத்தும் வாழ்கிறவனே நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறான். இந்த நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு எங்கே?

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை முதல், இணையச் சந்தை நிறுவனம் சிறு வணிகரின் கணக்கை முடக்கினால் காரணம் கூறவேண்டும். ஆனால் பணம்செலுத்தும் சேவைகள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவனைச் சட்டமும் தொடத் தயங்குகிறது!

எனவே நாம் கேட்பவை மூன்று. தீர்ப்புக்கு எழுத்தில் காரணம் வேண்டும். விற்பவர் தமது மொழியில், ஒரு மனிதரிடம், தம் கட்சியைச் சொல்ல இடம் வேண்டும். நிறுவனத்தைச் சாராத மேன்முறையீட்டு மன்று வேண்டும். கொடுப்பனவு முறைமைகளைக் கண்காணிக்க 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நமது மத்திய வங்கிக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அந்த அதிகாரம் பாரிய வங்கிகளின் வசதிக்கு மட்டுந்தானா?

கேட்பதோடு நின்றுவிடவும் கூடாது. திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய நம் முன்னோர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கண்டவர்கள். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் நம் ஊர்களில் உண்டு. தனித்தனிக் கூடைக்காரர் தனித்தனியே தோற்பதை விடச் சங்கத்தின் பெயரால் விற்பதும், சங்கத்தின் பெயரால் வழக்காடுவதும் மேலல்லவா? ஆங்கிலம் அறிந்த ஆசிரியரும் மாணவரும் அச்சங்கங்களுக்குக் கடிதம் எழுதும் கைகளாகட்டும்.

அந்தத் தாய் மீண்டும் ஓலை வார்ந்துகொண்டிருக்கிறார். அவருடைய கேள்விக்கு மறுமொழி தேடவேண்டியவர்கள் நாம்.