வீடே பள்ளி என்றால், யாருடைய வீடு?

ஒவ்வொரு மே மாதமும் எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்டு வரும் பெற்றோர், இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: "ஆன்லைன் ஹோம்ஸ்கூலிங்ல சேர்த்துடலாமா? எது நல்லது?" கேட்பவர்கள் ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிவாசிகள் மட்டுமல்ல. திருச்சி அரியமங்கலத்தில் வசிக்கும் நம் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெற்றோரும் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. வகுப்பறையில் சாதி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் விடவில்லை. ஆனால் அது நடந்த இடம் பள்ளி அல்ல, அந்தப் பிள்ளைகளின் வீடு. பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டால் சாதி வாசலோடு நின்றுவிடாது.

"வீட்டிலேயே கற்கட்டும்" என்பதும் நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இன்றைய ஆன்லைன் திட்டங்கள் குலக்கல்வி அல்ல. ஆனால் அன்றைய கேள்வி அப்படியே நிற்கிறது: வீடு எதைக் கற்றுத்தரும்? ஓய்வுபெற்ற ஆசிரியர் தாத்தா, தனி அறை, வைஃபை உள்ள வீடு ஒன்றைத் தரும். அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் ஒற்றை செல்போன் உள்ள வீடு வேறொன்றைத் தரும். சமூகவியலில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள். கொரோனா காலத்தில் பாடமே நடத்திக் காட்டியது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று.

அடுத்தது, விளம்பரத்தில் வராத கணக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1000 உண்டு. அரசு வேலையில் தமிழ்வழிக்கு 20 விழுக்காடு முன்னுரிமை கேட்க, முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த சான்று வேண்டும். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான். ஆறாம் வகுப்பில் எடுக்கும் ஒரு முடிவு, பதினெட்டு வயதில் இந்தக் கதவுகளை மூடிவிடும்.

உடல்நிலை காரணமாகவோ, தாங்க முடியாத சாதிக் கொடுமையாலோ சிலருக்கு வேறு வழி இருக்காது. கல்வி உரிமைச் சட்டம், 2009 வீட்டுக்கல்வியைத் தடுக்கவில்லை, நெறிப்படுத்தவும் இல்லை. அந்தப் பெற்றோரிடம் பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்:

• பொதுத்தேர்வு யார் நடத்துவது? நிறுவனம் தரும் 'சர்டிபிகேட்' போதாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட வாரியமா? அங்கே பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

• தமிழில் பாடம் உண்டா? சந்தேகம் கேட்டால் ஆசிரியர் நேரில் பதில் சொல்வாரா, வீடியோ மட்டுமா?

• பகலில் பிள்ளையோடு யார் இருப்பது? அம்மாவின் வேலை போய்விடுமா?

• கட்டணத்தைத் தவணை என்கிறார்களா, அது கடனா? பெற்றோரைக் கடனில் சிக்கவைத்ததாக எழுந்த புகாரில் 2022 டிசம்பரில் பைஜூஸ் தலைவரைக் குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024இல் அந்த நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போனது.

மனம் மாறினால் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்க அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

தோழர்களே, பெற்றோரைக் குறை சொல்வது நம் வேலை அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் வேண்டும். உங்கள் பகுதிப் பள்ளியில் அந்த இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பள்ளிச் சாதியை ஒழிக்க நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்த பரிந்துரைகளை அந்தக் கூட்டத்தில் வாசியுங்கள். பள்ளியை நம் பிள்ளைக்கு ஏற்றதாக்க முடியாமல்தான் வீட்டைப் பள்ளியாக்கச் சொல்கிறார்கள். அந்தத் தோல்வியின் செலவை நம் அம்மாக்கள் ஏன் கட்ட வேண்டும்?